'ஆல்' ஒன்றுதான், ஆங்கிலத்தில்தான் பல

கேள்வி: அலுவலக மெயிலில் "இஃப் ஐ வில் கெட் த அப்ரூவல், ஐ வில் செண்ட் த ஃபைல்" என்று எழுதினேன். டீம் லீட் முதல் 'வில்'லை அடித்துவிட்டார். அப்ரூவல் இனிமேல்தானே வரப்போகிறது? – வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: அடித்தது சரி. "இஃப் ஐ கெட் த அப்ரூவல்" என்று எழுதுங்கள். தமிழில் என்ன சொல்வோம்? 'கிடைத்தால் அனுப்புவேன்.' 'கிடைப்பால்' என்று யாரும் சொல்வதில்லையே! வந்தால், போனால், கிடைத்தால் என்று 'ஆல்' போய் ஒட்டுவது இறந்தகால வடிவத்தில். ஆங்கிலம் அந்த இடத்தில் நிகழ்காலத்தை வைக்கிறது. எதிர்காலம் இரண்டு மொழியிலும் பின்பாதிக்குத்தான். வென், ஆஃப்டர், அன்டில் எல்லாவற்றுக்கும் இதே கணக்கு: "வென் ஐ ரீச் மெஜஸ்டிக், ஐ வில் கால் யூ."

இதைப் படித்துவிட்டு இஃப் வரும் இடத்திலெல்லாம் வில்லைத் தூக்கிவிடாதீர்கள். "ஐ டோண்ட் நோ இஃப் ஹி வில் கம் டுமாரோ" சரியான வாக்கியம். தமிழில் சொல்லிப் பார்த்தால் 'வருவாரா என்று தெரியவில்லை'. 'ஆல்' வந்தால் வில் கூடாது. 'ஆ என்று' வந்தால் வில் வரலாம்.

கேள்வி: 'பணம் இருந்தால் வீடு வாங்குவேன்.' இதற்கு ஹேவ் போடுவதா, ஹேட் போடுவதா? – வாசகர், கே.ஆர்.புரம்

பதில்: தமிழ் வாக்கியம் இரண்டுக்கும் பொருந்தும். சிக்கலே அங்கேதான். ஆங்கிலத்தில் வாயைத் திறக்கும் முன் பணம் வருமா வராதா என்று நீங்கள் முடிவு செய்தாக வேண்டும்.

சீட்டு முடிகிறது, டிசம்பரில் கைக்கு வரக்கூடும் என்றால்: "இஃப் ஐ ஹேவ் த மனி பை டிசம்பர், ஐ வில் பை எ ஃப்ளாட்." கையில் இல்லை, வரவும் வழியில்லை, சும்மா ஆசைதான் என்றால்: "இஃப் ஐ ஹேட் த மனி, ஐ வுட் பை எ ஃப்ளாட்." இந்த ஹேட் நேற்றைய கதை அல்ல, இன்றைய இல்லாமை. வீட்டு புரோக்கரிடம் இரண்டாவதைச் சொன்னால் அதோடு உங்களை மறந்துவிடுவார்.

'இஃப் ஐ வாஸ் யூ' என்று பேச்சில் கேட்கலாம். எழுத்தில் 'இஃப் ஐ வேர் யூ' என்றே எழுதுங்கள்.

கேள்வி: "இஃப் ஐ வுட் ஹேவ் நோன் அபௌட் த டிராஃபிக், ஐ வுட் ஹேவ் டேக்கன் த மெட்ரோ." இதில் என்ன தப்பு? – வாசகர், எலெக்ட்ரானிக் சிட்டி

பதில்: முதல் 'வுட் ஹேவ்'. தெரிந்திருந்தால் மெட்ரோவில் போயிருப்பேன் என்று தமிழில் இரண்டு பக்கமும் 'இரு' வருகிறது. அந்தப் பழக்கத்தில் நாக்கு இரண்டு பக்கமும் வுட் ஹேவ் போடுகிறது. 'இருந்தால்' என்பதற்கு ஹேட், 'இருப்பேன்' என்பதற்கு வுட் ஹேவ் என்று பிரித்துக்கொள்ளுங்கள்: "இஃப் ஐ ஹேட் நோன், ஐ வுட் ஹேவ் டேக்கன்." குழப்பத்துக்கு இன்னொரு காரணம் 'ஐட்' என்ற சுருக்கம். ஹேட், வுட் இரண்டையும் அப்படித்தான் சுருக்குகிறார்கள். அடுத்த சொல்லைப் பாருங்கள்: நோன், டேக்கன் போல மூன்றாம் வடிவம் வந்தால் அது ஹேட், ஹேவ் வந்தால் வுட்.

காரணம் அன்று, விளைவு இன்று என்றால் பின்பாதியில் ஹேவ் கிடையாது: "இஃப் ஐ ஹேட் லெர்ன்ட் கன்னடா இன் ஸ்கூல், ஐ வுட் ஸ்பீக் இட் வெல் நவ்."

கேள்வி: "அன்லெஸ் யூ டோண்ட் பே பை த டென்த்" என்று அபார்ட்மென்ட் அபராத நோட்டீசில் போட்டிருக்கிறார்கள். சரியா? – வாசகி, இந்திராநகர்

பதில்: தப்பு. அன்லெஸ்ஸுக்குள்ளேயே 'இல்லாவிட்டால்' இருக்கிறது. டோண்ட் சேர்ந்தால், பணம் கட்டியவருக்கு அபராதம் என்று ஆகிவிடும். "அன்லெஸ் யூ பே" அல்லது "இஃப் யூ டோண்ட் பே", ஏதாவது ஒன்று.