காலேஜ் ஃபீஸை அரசு கட்டினால் என்ன தப்பு?

கேள்வி: மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். ஊரார் பணத்தில் படித்தால் படிப்பின் அருமை தெரியாது, கல்லூரிச் செலவை அரசு ஏற்கவே கூடாது என்கிறார் என் அண்ணன். உங்கள் கருத்து?
- வாசகி, குடியாத்தம்

பதில்: அண்ணன் எங்கே படித்தார் என்று முதலில் கேளுங்கள். வேலூர் ஓட்டேரி முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி மாதிரி ஓர் இடம் என்றால், அவருக்குப் பாடம் எடுத்தவர்களுக்குச் சம்பளம் கொடுத்ததே ஊரார் பணம்தான், பேச்சு அங்கேயே முடிந்தது.

அரசு கொடுக்கத்தான் வேண்டும். வரி கட்டுகிறவன் காசு என்பார்கள். பீடி சுற்றுகிற அம்மாவும் சோப்பு வாங்கும்போது ஜிஎஸ்டி கட்டிவிட்டுத்தானே வருகிறார்? ஆனால் எங்கே கொடுப்பது என்பதில் எனக்கு வேறு கருத்து உண்டு. வீட்டிலேயே முதலில் பட்டம் படிக்கிற பிள்ளைக்கு முதல் பட்டதாரி சலுகை என்று தனியார் பொறியியல் கல்லூரிக்கு அரசு கட்டுவது டியூஷன் கட்டணத்துக்கு மட்டும்தான், காலேஜ் பஸ், ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம் எல்லாம் அப்பா தலையில். அந்தப் பணத்தில் வேலூர் பாகாயத்தில் இருக்கிற அரசு பொறியியல் கல்லூரி மாதிரி இன்னும் நான்கு திறக்கலாம், இருக்கிற இடத்திலாவது சீட்டைக் கூட்டலாம். அரசு கலைக் கல்லூரியில் இளநிலைக்கு டியூஷன் கட்டணமே கிடையாது, அப்படியும் பிள்ளைகள் பாதியில் நிற்கிறார்கள் என்றால் காரணம் ஃபீஸ் இல்லை. உங்கள் ஊர்க்காரருக்குச் சொல்லவே வேண்டாம், லுங்கித் தறியில் ஒரு கை குறைந்தால் போகிற கூலி எந்த ரசீதிலும் வராது. புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வருகிற பிள்ளைகளுக்கு மாதம் 1000 ரூபாய் தருவதை நான் ஆதரிப்பது அதனால்தான், போதாது என்றாலும்.

சரி, மகள் விஷயம். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வரும் தொழிற்படிப்புக்கு டியூஷன், ஹாஸ்டல் கட்டணத்தை அரசே ஏற்கிறது. ஆனால் கவுன்சிலிங் வழியாகப் போக வேண்டும். 'இப்பவே அட்வான்ஸ் கட்டினால் சீட் உறுதி' என்று எவராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் இந்தச் சலுகை கிடையாது.

கேள்வி: மூத்தவன் முதல் பட்டதாரி சலுகையில் படித்து முடித்தான். இளையவனுக்கும் கேட்கலாமா?
- வாசகர், ஆற்காடு

பதில்: கிடைக்காது, வீட்டுக்கு ஒருவர்தான். மூத்தவன் இன்னும் வேலை தேடிக்கொண்டிருக்கலாம், ஆனால் தாலுகா ஆபீஸ் கணக்கில் உங்கள் வீட்டுக்குப் பட்டதாரி வந்தாயிற்று. கல்விக் கடன்தான் வழி. 4 லட்சம் வரை சொத்து அடமானம் வேண்டாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்குப் படிக்கிற காலத்து வட்டிக்கு ஒன்றிய அரசின் மானியம் உண்டு. விண்ணப்பிக்கும்போதே வங்கியில் இதை எழுதிக் கேளுங்கள், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

கேள்வி: பணக்காரர் பிள்ளைக்கும் இலவசமா?
- வாசகர், காட்பாடி

பதில்: தாராளமாக அரசுக் கல்லூரியில் வந்து சேரட்டும். கழிப்பறையில் தண்ணீர் வரவில்லை என்றால் கலெக்டருக்கு போன் போட ஓர் அப்பாவாவது இருப்பார்.