லினக்ஸில் இண்டி கேம்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

சின்னக் குழுக்கள் செய்யும் கேம்களை லினக்ஸில் விளையாடுவது பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தால் அவற்றைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன். பல கேம்களை ஒரே கட்டாக விற்ற ஹம்பிள் இண்டி பண்டிலின் முதல் தொகுப்பு 2010 மே மாதம் வந்தபோது அதில் கிடைத்த ‘வேர்ல்ட் ஆஃப் கூ’தான் லினக்ஸில் நான் காசு கொடுத்து விளையாடிய முதல் கேம். அதன் பிறகு வீட்டில் விண்டோஸ் வைத்துக்கொள்ளவில்லை.

திருநெல்வேலி, கல்லூரி மாணவர்: அக்கா, என்கிட்ட 4வது தலைமுறை ஐ3 லேப்டாப், 4 ஜிபி ரேம். தனியா கிராபிக்ஸ் கார்டு இல்ல. லினக்ஸ் மின்ட் போட்டிருக்கேன். ஸ்டீம்ல விண்டோஸ் கேம் எதைத் திறந்தாலும் கறுப்புத் திரைதான். லேப்டாப்பை மாத்தணுமா?

வேண்டாம் தம்பி, அந்தக் காசைப் பத்திரமாக வையுங்கள்.

விண்டோஸ் கேம் திரையில் எதையாவது வரைய வேண்டுமென்றால் டைரக்ட்3டி என்ற விண்டோஸ் வரைகலை முறை மூலம் கேட்கும். லினக்ஸ் டிரைவருக்கு அது புரியாது. ஸ்டீம் என்ற கேம் கடையில் உள்ள புரோட்டான்தான் விண்டோஸ் கேம்களை லினக்ஸில் ஓட வைப்பது, அதற்குள் டிஎக்ஸ்விகே என்று ஒரு பகுதி இருக்கிறது. அது டைரக்ட்3டி அழைப்புகளை, லினக்ஸ் டிரைவருக்குப் புரியும் வரைகலை முறையான வல்கனாக மாற்றிக் கொடுக்கும். 2022 நவம்பரில் வந்த டிஎக்ஸ்விகே 2.0 முதல் வல்கன் 1.3 இருந்தே ஆக வேண்டும். உங்கள் சிப்பில் (ஹாஸ்வெல் என்பார்கள்) வல்கன் அரைகுறையாகத்தான் இருக்கிறது. கறுப்புத் திரைக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். இன்டெல் 6ஆம் தலைமுறையிலிருந்து இந்தத் தொல்லை கிடையாது.

வல்கனைத் தொடாமல் ஓபன்ஜிஎல் என்ற பழைய வரைகலை முறை வழியாகப் போகவும் புரோட்டானில் ஏற்பாடு உண்டு. வைன்டி3டி என்று தேடினால், லாஞ்ச் ஆப்ஷன்ஸ் பெட்டியில் போட வேண்டிய ஒரே ஒரு வரி கிடைக்கும். வேகம் குறையும், ஆனால் 2டி கேம்களுக்குப் போதும்.

அதைவிட நல்லது, லினக்ஸுக்கென்றே வந்திருக்கும் கேம்களில் தொடங்குவது. ‘பாபா இஸ் யூ’, ‘எஃப்டிஎல்’, ‘விவிவிவிவிவி’, ‘ஸ்டார்டியூ வேலி’, ‘செலஸ்டே’ எல்லாம் இப்படிப்பட்ட லேப்டாப்பிலேயே நன்றாக ஓடும். விளையாடும்போது பிரவுசரை மட்டும் மூடிவிடுங்கள். 4 ஜிபி ரேமில் பாதியை அதுவே எடுத்துக்கொள்ளும்.

கோவை: ஒரே கேமுக்கு லினக்ஸ் பதிப்பும் இருக்கு, புரோட்டானில் விண்டோஸ் பதிப்பும் ஓடுது. எதைப் போடுவது?

முதலில் லினக்ஸ் பதிப்பு. அதில் இடறினால் புரோட்டான். கேமின் மேல் ரைட் கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸ் போய், கம்பாட்டிபிலிட்டி பகுதியில் புரோட்டானைத் தேர்ந்தெடுத்தால் விண்டோஸ் பதிப்பு இறங்கும்.

பத்து வருடத்துக்கு முந்தைய லினக்ஸ் பதிப்புகள் சில இன்றைய டிஸ்ட்ரோவில் (உபுண்டு, மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில்) திறக்கவே மறுக்கும். அவை எதிர்பார்க்கும் பழைய லைப்ரரிகள் (கேம் ஓடத் தேவையான துணை நிரல்கள்) இப்போது இருக்காது. இதற்காகவே ஸ்டீம் தன்னுடன் ரன்டைம் என்ற ஒரு லைப்ரரித் தொகுப்பை வைத்திருக்கிறது. அதன் முதல் பதிப்பான ஸ்கௌட், உபுண்டு 12.04-ஐ அடிப்படையாகக் கொண்டது. உங்கள் டிஸ்ட்ரோ எவ்வளவு புதிதாக இருந்தாலும் பழைய கேமுக்குப் பழைய வீடு கிடைத்துவிடும். ஸ்டீமுக்கு வெளியே வாங்கிய பழைய கேம்களுக்கு அந்த வசதி கிடையாது, லைப்ரரிகளை நாமே தேடிப் போட வேண்டியிருக்கும்.

சேவ், அதாவது விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கும் கோப்பு, விஷயத்தில் கவனமாக இருங்கள். லினக்ஸ் பதிப்பின் சேவ் ஹோம் கோப்புறையில் மறைந்திருக்கும் கோப்புறைகளுக்குள் இருக்கும். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்த கேம் என்றால் கான்ஃபிக் கோப்புறைக்குள் யூனிட்டி3டி என்ற இடத்தில். புரோட்டானில் ஓடும் பதிப்போ, அந்தக் கேமுக்கென்று உருவாக்கிய பொய் சி டிரைவுக்குள் எழுதும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால் புது கேம் போல் முதலிலிருந்து தொடங்கும். 30 மணி நேரம் விளையாடிய ஒரு கேமில் எனக்கு இப்படி ஆனது. எல்லாம் போய்விட்டது என்று நினைத்து இரண்டு நாள் அதைத் தொடவே இல்லை. பிறகுதான் கோப்புகள் பழைய இடத்திலேயே பத்திரமாக இருந்தது தெரிந்தது. மாறுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துவையுங்கள்.

பெயர் சொல்லாதவர்: புரோட்டான்டிபி தளத்தில் ‘கோல்டு’ என்று போட்டிருந்தால் நம்பலாமா?

எந்தக் கேம் புரோட்டானில் எப்படி ஓடுகிறது என்று விளையாடியவர்கள் எழுதும் தளம் அது, பட்டத்தைப் பார்க்காதீர்கள். கீழே ஆட்கள் எழுதியிருப்பதைப் படியுங்கள், அதிலும் உங்களுடையதைப் போன்ற கிராபிக்ஸ் சிப் உள்ளவர் கடைசி ஆறு மாதத்துக்குள் எழுதியதை. 2019இல் யாரோ ‘ஓடவில்லை’ என்று எழுதியது இன்றைக்குப் பொருந்தாது.

சேலம்: விண்டோஸும் உபுண்டுவும் ஒரே மெஷினில் வைத்திருக்கிறேன். டி டிரைவில் இருக்கும் கேம்களையே லினக்ஸிலும் பயன்படுத்தினால் இடம் மிச்சம் என்று பார்த்தேன். சில நாள் ஓடுது, சில நாள் ஓடமாட்டேங்குது.

அந்த டிரைவ் என்டிஎஃப்எஸ்ஸாக (விண்டோஸின் கோப்பு முறை) இருக்கும். இரண்டு காரணங்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ இயக்கத்தில் இருந்தால், ஷட்டவுன் செய்தாலும் அது முழுமையாக மூடாது. டிரைவைப் பாதி பிடித்துக்கொண்டே தூங்கும். அடுத்து லினக்ஸ் திறக்கும்போது அந்த டிரைவில் எழுத முடியாது. உங்களுக்குச் சில நாள் மட்டும் ஓடாமல் போவதற்கு இது காரணமாக இருக்கலாம். இரண்டாவது, புரோட்டான் தன் பொய் சி டிரைவுக்கு முக்காற்புள்ளி வைத்த பெயரில் ஒரு இணைப்பை உருவாக்கும். அந்தக் குறியைக் கோப்புப் பெயரில் விண்டோஸ் ஏற்காது. பிறகு விண்டோஸ் அந்த டிரைவைச் சரிபார்க்கும்போது பிழை என்று சொல்லித் தொந்தரவு செய்யும்.

ஒரு 60, 70 ஜிபியைப் பிரித்து, லினக்ஸின் கோப்பு முறையான எக்ஸ்ட்4 ஆக்கிக் கேம்களை அங்கே போடுங்கள். இண்டி கேம்களில் பல 2 ஜிபியைக்கூடத் தாண்டாது.

மதுரை: ஃப்ரெண்ட்ஸ் எல்லாரும் வேலரன்ட் ஆடுறாங்க. லினக்ஸில் வழியே இல்லையா?

இல்லை. அதன் ஆன்ட்டிசீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் நிரல்) விண்டோஸின் மையமான கெர்னலுக்குள் உட்கார்ந்து வேலை செய்வது. புரோட்டான் அதைப் போலச் செய்து காட்ட முடியாது. நண்பர்களோடு சேர்ந்து ஆட வேண்டும், அவ்வளவுதான் என்றால் ‘டெராரியா’வோ ‘ஸ்டார்டியூ வேலி’யோ வாங்குங்கள். அவர்கள் விண்டோஸில் இருந்தாலும் உங்களோடு ஒரே பண்ணையில் நிற்கலாம்.

கண்டி, ஆசிரியர்: வணக்கம். என் மகனுக்கு எட்டு வயது. விளம்பரம் வராத, நடுவில் காசு கேட்காத விளையாட்டுகள் வேண்டும். பழைய கணினியில் டெபியன் இருக்கிறது.

வணக்கம் ஐயா. உங்கள் டெபியனிலேயே எல்லாம் இருக்கிறது, எங்கும் தேட வேண்டாம். மென்பொருள் பட்டியலில் ‘சூப்பர்டக்ஸ்கார்ட்’ போடுங்கள். கார் பந்தயம், ஒரே கணினியில் திரையைப் பிரித்து நீங்களும் மகனும் சேர்ந்தே ஓட்டலாம். கட்டிடம் கட்டி விளையாட ‘லுவான்டி’ இருக்கிறது. 2024 வரை அதன் பெயர் மைன்டெஸ்ட், பழைய டெபியனில் அந்தப் பெயரில் தேடுங்கள். இரண்டும் கட்டற்ற மென்பொருள்கள், உள்ளே கடையே கிடையாது.

சென்னை, மென்பொருள் ஊழியர்: லினக்ஸில் விளையாடுபவர்கள் ரொம்பக் குறைவு. மூன்று பேர் சேர்ந்து கேம் செய்யும் குழு எதற்காக நமக்காக நேரம் செலவழிக்க வேண்டும்? புரோட்டான் இருக்கும்போது லினக்ஸ் பதிப்பு கேட்பதே நியாயமா?

இதற்குக் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன். எனக்கு மனதுக்கு நெருக்கமான விஷயம்.

முதல் ஹம்பிள் பண்டிலில் விலையை வாங்குபவரே முடிவு செய்யலாம். விண்டோஸ்காரர்கள் சராசரியாகக் கொடுத்ததைவிட லினக்ஸ்காரர்கள் கொடுத்தது அதிகம். விற்பனை 10 லட்சம் டாலரைத் தாண்டியதும் ‘அக்வேரியா’, ‘கிஷ்’, ‘லுகாரு’, ‘பெனம்ப்ரா’ நான்கின் மூல நிரலையும் திறந்துவிட்டார்கள். லினக்ஸ்காரர்கள் காசு கொடுக்கமாட்டார்கள் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தக் கணக்கு பதிலாக இருந்தது.

இன்னொரு கணக்கு 2021இல் வந்தது. ‘டெல்டா-வி: ரிங்ஸ் ஆஃப் சாட்டர்ன்’ என்ற விண்வெளிக் கேமைச் செய்தவர் தன் எண்களை வெளியிட்டார். சுமார் 12,000 பிரதிகள் விற்றதில் லினக்ஸில் வாங்கியவர்கள் 700 பேர், அதாவது 5.8 சதவீதம். ஆனால் வந்த பக் ரிப்போர்ட்டுகளில் 38 சதவீதம், சுமார் 400, அவர்கள் அனுப்பியவை. இதைக் கேட்டதும், லினக்ஸ் பதிப்பில்தான் பிழைகள் அதிகம் என்று தோன்றும். அந்த 400 ரிப்போர்ட்டுகளில் லினக்ஸுக்கு மட்டும் உரிய பிழைகள் மூன்றே மூன்று. மற்றதெல்லாம் எல்லோருக்கும் இருந்தவை, விண்டோஸ்காரர்கள் சொல்லாமல் விட்டவை. அந்த 700 பேரும் காசு கொடுத்துவிட்டுப் பரிசோதனை வேலையையும் செய்துகொடுத்தார்கள் என்று அர்த்தம்.

அதனால் பிழை சொல்வதை ஒழுங்காகச் செய்வோம். ‘ஓடலை’ என்று ஒரு சொல் எழுதினால் அந்த மூன்று பேர் குழுவுக்கு ஒரு பயனும் இல்லை. எந்த டிஸ்ட்ரோ, எந்தக் கிராபிக்ஸ் சிப், டிரைவர் எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நின்றது, திரும்பச் செய்தால் திரும்ப வருகிறதா என்று எழுதுங்கள். மெஷின் விவரம் முழுவதும் ஸ்டீமின் ஹெல்ப் மெனுவில் ‘சிஸ்டம் இன்ஃபர்மேஷன்’ என்ற இடத்திலேயே இருக்கிறது, அப்படியே நகலெடுத்து ஒட்டலாம். புரோட்டானில் ஓட்டினீர்கள் என்றால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். அவர்கள் ஆதரவு தருவதாகச் சொல்லாத ஒன்றுக்கு அவர்களைத் திட்டக்கூடாது.

லினக்ஸ் பதிப்பு கேட்பது நியாயமா என்றால், கேட்கலாம், வற்புறுத்தக்கூடாது. கோடோ போன்ற, கேம் செய்வதற்கான தயார் எஞ்சினில் செய்த கேமுக்கு லினக்ஸ் பதிப்பை ஏற்றுமதி செய்வது பெரிய வேலை இல்லை. சொந்தமாக எஞ்சின் எழுதியவர்களுக்கு அது மாதக்கணக்கில் இழுக்கும். அவர்களிடம், ‘புரோட்டானில் ஓடாமல் போகும்படி எதையும் சேர்க்காதீர்கள்’ என்று மட்டும் கேட்டால் போதும். ஸ்டீம் டெக் என்ற கைக்கருவி 2022இல் வந்த பிறகு இதை மறுப்பவர்கள் குறைவு, அதுவும் லினக்ஸ்தானே.

உண்மையான லினக்ஸ் பதிப்பு என்ன தர முடியும் என்பதற்கு, தொழிற்சாலை கட்டும் கேமான ‘ஃபேக்டோரியோ’வைச் சொல்வேன். செக் நாட்டுக் குழு செய்தது. தொழிற்சாலை பெரிதாக வளர்ந்த பிறகு ஒவ்வொரு தானியங்கி சேவின்போதும் விண்டோஸில் ஆட்டம் சில நொடி உறைந்து நிற்கும். லினக்ஸில், ஓடிக்கொண்டிருக்கும் நிரல் தன்னையே ஒரு பிரதி எடுத்துக்கொள்ள முடியும், அதற்கு ஃபோர்க் என்று பெயர். பிரதி உட்கார்ந்து சேவ் எழுதும். நீங்கள் நிற்காமல் விளையாடிக்கொண்டே இருக்கலாம். ரேம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்திக்கொண்டு செட்டிங்ஸைத் திறந்தால் மறைந்திருக்கும் பட்டியல் வரும், ‘நான்-பிளாக்கிங் சேவிங்’ அதில் இருக்கிறது. புரோட்டான் போன்ற எந்த மொழிபெயர்ப்பு அடுக்கும் இதைக் கொடுக்காது.

ஈரோடு: மலிவான யுஎஸ்பி கன்ட்ரோலர் வாங்கினேன் அக்கா. சில கேமில் பட்டன் மாறி மாறி வேலை செய்யுது.

அதில் இரண்டு மோடு இருக்கும். நடு பட்டனை ஐந்தாறு விநாடி அழுத்திப் பிடியுங்கள், விளக்கு மாறும். எக்ஸ்-இன்புட் மோடில் லினக்ஸ் கெர்னல் அதை எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலராகவே எடுத்துக்கொள்ளும், எல்லா கேமுக்கும் அது தெரியும். அப்போதும் சரியாகாவிட்டால் அந்தக் கேமுக்கு மட்டும், பட்டன்களை மாற்றியமைக்கும் ஸ்டீம் இன்புட்டை இயக்குங்கள். பிளேஸ்டேஷன் 5 கன்ட்ரோலருக்கு 5.12 கெர்னல் முதல் சோனியே எழுதிக் கொடுத்த டிரைவர் இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம்.

டொரன்டோ: ‘வெண்பா’ கேம் லினக்ஸில் ஓடுமா? எங்கே வாங்குவது நல்லது?

ஓடும், புரோட்டானில்தான் நான் முடித்தேன். உங்கள் ஊர்க் கதைதான். 1980களின் கடைசியில் அங்கே குடியேறிய தமிழ்க் குடும்பம், கிழிந்தும் அழிந்தும் போன அம்மாவின் சமையல் குறிப்பேடு, அதில் விட்டுப்போனதை ஊகித்து இட்லியும் புட்டும் செய்ய வேண்டும். செய்ததும் டொரன்டோவின் விசாய் கேம்ஸ்தான். 2023 ஜூலையில் வெளிவந்து, அடுத்த வருடம் சுயாதீன கேம் விழாவின் முதற்பரிசையும், முதல் படைப்புக்கான பாஃப்டா என்ற பிரிட்டிஷ் விருதையும் வாங்கியது.

எங்கே வாங்கினாலும் ஒன்றை யோசியுங்கள். ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். உங்கள் மெஷினில் ஓடுகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல வழி இல்லை, தயங்காமல் பயன்படுத்துங்கள். ஆனால் ‘வெண்பா’ போன்ற கேம்கள் 2 மணி நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடும். முழுக்க விளையாடி முடித்துவிட்டுப் பணத்தைத் திரும்பக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். அது எனக்குச் சாப்பிட்டுவிட்டுக் காசு கொடுக்காமல் எழுந்து போவது போலத்தான் படுகிறது.

தஞ்சாவூர்: தமிழிலேயே வசனம் வரும் ஒரு சின்னக் கதை கேம் செய்துகொண்டிருக்கிறேன், உபுண்டுவில். ‘கொடு’ என்று எழுதினால் கொம்பு எங்கோ போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றியும் சரியாகவில்லை.

எழுத்துருமேல் பழி இல்லை. ‘கொ’வில் ககரத்துக்கு முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால். யூனிகோடில் ககரம் முதலில், பிறகு ஒகரக் குறி என்றுதான் சேமிக்கிறோம். அதைப் பிரித்து, கொம்பை இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது எழுத்து வடிவாக்கும் நிரலின் வேலை. யூனிட்டியில் பலர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ அதைச் செய்யாது. சேமித்த வரிசையிலேயே வரைந்துவிடும்.

கோடோ 4-க்கு மாறிப் பாருங்கள். 2023 மார்ச்சில் வந்த அந்தப் பதிப்பு முதல் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவாக்கும் நிரல் அதற்குள்ளேயே இருக்கிறது, நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைக் கொடுத்தால் ‘கொடு’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ எல்லாம் சரியாக வரும். கோடோ 3-இல் இது கிடையாது, பழைய பாடங்களைப் பார்த்து அதை இறக்கிவிடாதீர்கள். கோடோவுக்கு எம்ஐடி என்ற கட்டற்ற உரிமம், கேமை விற்றாலும் யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாம்.

வசனம் எழுத்தெழுத்தாகத் தோன்ற வேண்டுமா? லேபிளில் ‘விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர்’ என்ற இடத்தில், வடிவாக்கிய பிறகு மறைப்பது என்ற தேர்வை எடுங்கள். இல்லையென்றால் ‘கொ’ வருவதற்கு முன் ஒரு நொடி ‘க’ தெரியும், படிப்பவர் கண்ணை அது உறுத்தும்.

புதுத் திட்டம் தொடங்கும்போது ரெண்டரரை (திரையில் வரையும் பகுதியை) கோடோ கேட்கும்போது ‘கம்பாட்டிபிலிட்டி’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அது வல்கனைக் கேட்காமல் ஓபன்ஜிஎல்லில் ஓடும். டெமோ தயாரானதும், முதல் கேள்வி கேட்ட திருநெல்வேலித் தம்பியின் ஐ3-இலும் அது திறக்கும்.