கனடா பி.ஆர். காகிதம் வந்துவிட்டது, டர்பனிலிருந்து முதல் தடவை போவதை எப்படித் திட்டமிடுவது?

முதலில் வாழ்த்துகள். கனடாவில் நிரந்தரமாகக் குடியிருக்கும் உரிமையை (பி.ஆர்.) உறுதிசெய்யும் காகிதம் உங்களுக்கு வந்திருக்கிறது. கணவன், மனைவி, ஒரு குழந்தை. தென்னாப்பிரிக்காவில் டர்பனில் வேலை, ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. இப்போதே மொத்தமாகக் கிளம்புவதா, ஒரு தடவை போய்ப் பதிவை முடித்துவிட்டுத் திரும்புவதா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் மூன்று பேர்தான். 2022இல் இதே ஊரிலிருந்து போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினோம். சாஃப்ட் லேண்டிங் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான்.

நான் பார்த்தவரை எல்லோரும் முதல் நுழைவை நினைத்துத்தான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். அது கவுன்டரில் இருபது நிமிட வேலை. உட்கார்ந்து யோசிக்க வேண்டியது இரண்டாவது தடவை எப்படி உள்ளே போகப்போகிறோம் என்பதை. போய்விட்டுத் திரும்பி வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏன் என்று கீழே வருகிறேன்.

காகிதத்தை எடுத்து அதிலிருக்கும் கடைசித் தேதியைப் பாருங்கள். உங்களுடையதை மட்டும் அல்ல, மூன்று பேருடையதையும். நாங்கள் கோட்டை விட்டது அங்கேதான். மருத்துவப் பரிசோதனை செய்த நாளிலிருந்து ஒரு வருடம், அல்லது பாஸ்போர்ட் காலாவதியாகும் நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ பொதுவாக அந்தத் தேதியைத்தான் போடுகிறார்கள். எங்கள் பரிசோதனை 2021 அக்டோபரில் நடந்தது. எனக்கும் மனைவிக்கும் 2022 அக்டோபர் என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, செப்டம்பரில் மெதுவாகப் போகலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். மகளின் காகிதத்தில் ஜூலை 22 என்று இருந்ததை ஒரு வாரம் கழித்து மனைவிதான் கண்டுபிடித்தாள். சிறு பிள்ளைகளுக்கு இந்தியப் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தானே தருகிறார்கள், அது அந்த ஜூலையில் முடிகிறது. அந்தத் தேதியை நீட்டித்துத் தர மாட்டார்கள். விசா ஒட்ட அனுப்புவதற்கு முன்பே பாஸ்போர்ட்டைப் புதுப்பித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. இன்னும் அனுப்பாதவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்த வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.

இதற்கு நடுவில் வெள்ளம். 2022 ஏப்ரல் 11, 12 தேதிகளில் டர்பனில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நானூறுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், சில பகுதிகளில் வாரக்கணக்கில் குழாயில் தண்ணீர் வரவில்லை. எங்கள் மூன்று பாஸ்போர்ட்டும் விசா ஒட்டி, கூரியரில் ஏறி, சரியாக அந்த வாரம் எங்கேயோ ஒரு கிடங்கில் கிடந்தன. ஒன்பது நாள் பதில் இல்லை. ஊரே வீடு வாசல் இழந்து நிற்கும்போது பாஸ்போர்ட் எங்கே என்று போன் போட்டுக் கேட்கவும் கூச்சமாக இருந்தது. கடைசியில் ஓரம் மட்டும் ஈரமான உறையில் பத்திரமாக வந்து சேர்ந்தது. அன்றைக்கே மூன்றையும் எல்லாப் பக்கமும் ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் போட்டுவைத்தேன். நீங்களும் செய்துவிடுங்கள்.

மகளின் தேதியை வைத்துப் பார்த்தால் எங்களுக்குப் பள்ளியின் குளிர்கால விடுமுறை மட்டும்தான் மிஞ்சியது. குடும்பத்தில் முதன்மை விண்ணப்பதாரர் முதலில் போக வேண்டும், அல்லது எல்லோரும் சேர்ந்து போக வேண்டும். மனைவியையும் பிள்ளையையும் முன்னால் அனுப்பிவிட்டு அவர் பின்னால் போவது நடக்காது. ஆகவே மூன்று டிக்கெட்டும் ஜூலை முதல் வாரத்துக்கே எடுத்தோம்.

இன்னொன்றும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். காகிதம் வந்த நாளுக்கும் விமானம் ஏறும் நாளுக்கும் நடுவில் குடும்பத்தில் கல்யாணமோ பிரசவமோ நடந்தால், போவதற்கு முன்பே கனடா குடிவரவுத் துறைக்குச் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் போய் இறங்கினால், அந்த மனைவியையோ குழந்தையையோ பிறகு ஸ்பான்சர் செய்து அழைத்துக்கொள்ளும் வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். ஜோகன்னஸ்பர்க்கில் என் நண்பன் ஒருவனுக்கு வைகாசியில் கும்பகோணத்தில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது, சித்திரையில் காகிதம் வந்து நிற்கிறது. பெண் வீட்டாரிடம் கெஞ்சி முகூர்த்தத்தை ஆவணிக்குத் தள்ளி, பிரம்மச்சாரியாகவே போய் இறங்கிவிட்டு வந்து தாலி கட்டினான். மாமனார் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாராம். ஆனால் முறைப்படி ஸ்பான்சர் செய்ய முடிந்தது.

அடுத்தது சாமான் பட்டியல். தயவுசெய்து இதைச் சோம்பல்படாமல் செய்யுங்கள். முதல் தடவை இறங்கும்போது கஸ்டம்ஸில் இரண்டு பட்டியல் கொடுக்கலாம். இப்போது கையோடு கொண்டுவருவது ஒன்று, பின்னால் வரப்போவது இன்னொன்று. நீங்கள் ஏற்கெனவே வைத்திருந்து பயன்படுத்திய பொருளாக இருந்து, இரண்டாவது பட்டியலில் எழுதியும் இருந்தால், பிறகு கொண்டுபோகும்போது வரி இல்லை. எழுதாமல் விட்டதற்கு வரி கேட்கலாம். பி.எஸ்.எஃப். 186 என்று படிவமே இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். இரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளின் பெயர், தயாரிப்பு, வரிசை எண் இருந்தால் அது, உத்தேச மதிப்பு, இவ்வளவுதான் கேட்கிறார்கள். சும்மா போய்விட்டுத்தானே வரப்போகிறோம், பட்டியல் எதற்கு என்று நினைக்கிறவர்கள்தான் அதிகம். இரண்டு வருடம் கழித்து மொத்தமாகக் கிளம்பும்போதுதான் அந்தப் பட்டியலுக்கு வேலையே.

நம் வீடுகளில் பெரிய விஷயம் நகை. என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்தது, சீமந்தத்துக்குப் போட்டது, மகளின் சின்னச் சங்கிலி எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படம் எடுத்தோம். நகை மதிப்பீட்டாளரிடம் எடைபோட்டு எழுதி வாங்கிய சீட்டையும் சேர்த்து வைத்தோம். "கழுத்து நகை ஒன்று" என்று எழுதினால் போதாது. எத்தனை சரடு, என்ன கல், எவ்வளவு எடை என்று எழுதுங்கள். அன்றைக்கு லோட்ஷெடிங், அதாவது மின்வெட்டு. பாதிப் பட்டியலை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கையால் எழுதி, கரன்ட் வந்தபிறகு தட்டச்சு செய்தேன். அந்த அவசரத்தில் மாவரைக்கும் கிரைண்டரையும் எழுதி 150 டாலர் என்று மதிப்பும் போட்டேன். இங்கே 230 வோல்ட், அங்கே 120 வோல்ட் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

நாங்கள் குடியிருப்பது டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில், ஒரு ஆயா வீட்டை ஒட்டிய சின்னக் கட்டடத்தில். ஆயாவுக்கு எண்பது ஆகப்போகிறது. நான்கு தலைமுறையாக இந்த ஊர். ஆனாலும் தமிழை விடவில்லை, ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதையும் விடவில்லை. பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "காயிதம் வந்திருச்சா தம்பி?" என்று கேட்டார். பிறகு உள்ளே போய் அவருடைய பூட்டனாரின் காகிதத்தை எடுத்துவந்து காட்டினார். பேரன் ஆவணக் காப்பகத்தில் எடுத்துக் கொடுத்த நகல். 1860 நவம்பர் 16ஆம் தேதி ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ என்ற முதல் கப்பல் மதராஸிலிருந்து இந்தத் துறைமுகத்துக்கு வந்தது. அதற்குப் பல வருடம் கழித்து வந்தவர் அவர். ஒரு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர், உடம்பில் என்ன தழும்பு என்பது வரைக்கும் அதில் இருந்தது. எங்கள் காகிதத்தில் எண்ணுக்குக் கீழே உயரமும் கண்ணின் நிறமும் போட்டிருப்பதைக் காட்டினேன். "தழும்பு மட்டும் கேக்கலையாக்கும்" என்றார். பத்து வருடம் முடித்தவர்களுக்குத் திரும்பிப் போக அந்தக் காலத்தில் இலவசக் கப்பல் உண்டு, பூட்டனார் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டேன். ஆயாவுக்கும் தெரியவில்லை.

சரி, பயணத்துக்கு வருவோம். டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க், அங்கிருந்து ஆடிஸ் அபாபா, அங்கிருந்து டொரான்டோ என்று போனோம். ஐரோப்பா வழியாகவோ அமெரிக்கா வழியாகவோ மலிவாகக் கிடைத்தால், உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அங்கே டிரான்சிட் விசா வேண்டுமா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதாக இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் தென்னாப்பிரிக்கப் பாஸ்போர்ட்டுக்கும் விசா இல்லாமல் முடியாது. அப்புறம், கால்கரிக்கோ வான்கூவருக்கோ போனாலும் கனடாவில் முதலில் இறங்கும் விமான நிலையத்தில்தான் இந்தப் பதிவு முழுவதும் நடக்கும். அடுத்த விமானத்துக்கு நான்கு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

காகிதத்தில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு வைக்காதீர்கள். அதிகாரி முன்னால்தான் போட வேண்டும். எங்களிடம் அவர் கேட்டது: ஏதாவது குற்ற வழக்கு உண்டா, குடும்ப நிலையில் மாற்றம் உண்டா, கையில் எவ்வளவு பணம். பத்தாயிரம் கனடா டாலரோ அதற்கு மேலோ ரொக்கமாக, காசோலையாக, டிராஃப்டாக எப்படிக் கொண்டுபோனாலும் அறிவித்துவிட வேண்டும். அறிவித்தால் வரி எதுவும் இல்லை, அறிவிக்காமல் பிடிபட்டால்தான் வம்பு. நாங்கள் வங்கிக் கடிதத்தைக் காட்டினோம், போதுமென்றார். "வெல்கம்" என்று சொல்லி முத்திரை குத்தினார். மகளுக்கு ஏக ஏமாற்றம், இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று கேட்டாள்.

இப்போது இரண்டாவது நுழைவு. பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கிறார்களே ஒரு விசா, அது ஒரே ஒரு நுழைவுக்கானது. இறங்கியதோடு அதன் கதை முடிந்தது. முத்திரை குத்திய காகிதத்தைக் காட்டியும் திரும்ப விமானம் ஏற முடியாது. பி.ஆர். கார்டு வேண்டும், அதைக் கையில் தர மாட்டார்கள், கனடா முகவரிக்குத்தான் தபாலில் வரும். டர்பனுக்கு அனுப்பச் சொன்னால் அனுப்ப மாட்டார்கள். இறங்கி 180 நாளுக்குள் கனடா முகவரி கொடுக்காவிட்டால் ஐம்பது டாலர் கட்டி மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். ஆகவே டிக்கெட் எடுப்பதற்கு முன்பே நம்பகமான ஒரு வீட்டைப் பிடியுங்கள். அடுத்த மாதம் வீடு மாற இருக்கிறவர் வேண்டாம், ஒரே தபால் பெட்டியை ஆறு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் கட்டடமும் வேண்டாம். எங்களுக்கு டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் மனைவியின் மாமா மகன் இருந்தார். மூன்று கார்டும் வந்து, அவருக்குத் தெரிந்த ஒருவர் டிசம்பரில் டர்பன் வந்தபோது கையோடு கொண்டுவந்து கொடுத்தார். அதுவரை ஐந்து மாதம் நினைத்தாலும் கனடா போக முடியாத பி.ஆர்.காரர்களாக இருந்தோம். கார்டு தொலைந்துவிட்டாலோ வந்து சேராவிட்டாலோ வெளிநாட்டில் இருந்தபடியே பயண ஆவணம் ஒன்றுக்கு விண்ணப்பிக்கலாம். ஆனால் அது தனி அலைச்சல்.

அந்தப் பன்னிரண்டு நாளில் சர்வீஸ் கனடா என்ற அரசு அலுவலகம் போய் சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் வேண்டிய எண்) வாங்கினோம், ஒரு வங்கிக் கணக்கு திறந்தோம், நயாகரா பார்த்தோம். மருத்துவ அட்டை, பிள்ளைகளுக்கு அரசு தரும் பணம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்காதீர்கள். அவை அங்கே குடியிருப்பவர்களுக்கானவை, திரும்பி வரப்போகிறவர்களுக்கு அல்ல.

தென்னாப்பிரிக்கா பக்கத்திலும் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் தென்னாப்பிரிக்கக் குடிமக்களா, என்னைப்போல வேலை விசாவில் இருப்பவர்களா என்று சொல்லவில்லை. வேலை விசா என்றால், திரும்பி வரும் தேதியில் அது செல்லுபடியாக வேண்டும். குடிமக்கள் என்றால் ஓய்வூதியச் சேமிப்பைப் பற்றி ஒரு வரி ஆலோசகரிடம் இப்போதே பேசுங்கள். 2021 மார்ச் 1 முதல், வரிக் கணக்கில் இந்நாட்டுவாசி அல்ல என்றாகித் தொடர்ந்து மூன்று வருடம் ஆனபிறகுதான் ரிட்டயர்மென்ட் அன்யூட்டி என்ற அந்தச் சேமிப்பை மொத்தமாக எடுக்க முடியும்.

மொத்தமாகப் போவதா, போய்விட்டு வருவதா என்பதற்கு என் பதில்: இரண்டு வருட ஒப்பந்தம் நல்ல சம்பளம் என்றால் போய்விட்டு வாருங்கள், கணக்கு இடம் கொடுக்கிறது. ஐந்து வருடத்தில் 730 நாள் கனடாவில் இருக்க வேண்டும். அப்படியென்றால் முதல் மூன்று வருடம் வரை வெளியே இருந்தாலும் சமாளிக்கலாம். ஆனால் விளிம்பு வரை போகாதீர்கள். இடையில் ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு மாதம் போய் உட்கார வேண்டி வந்தால் அந்தக் கணக்கு கவிழ்ந்துவிடும். எங்களுக்கு 2025 ஜூலையோடு மூன்று வருடம் முடிகிறது. பிப்ரவரியிலேயே கிளம்புகிறோம், வீடெல்லாம் அட்டைப்பெட்டி.

பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சாமானாகச் சரிபார்த்துக் கட்டுகிறோம். கிரைண்டர் வரிசை வந்ததும் நிறுத்தினேன். ஆயா வாசல்படியில் உட்கார்ந்திருந்தார். "அதை இங்கேயே வெச்சிட்டுப் போ, கூழுக்கு ஆகும்" என்றார். பட்டியலில் அந்த வரியை அடித்துவிட்டேன்.