ஓவர்லாக்கில் 100 பீஸ் அடிக்க நினைத்தாலே கை தடுமாறுவது ஏன்?

துணி விளிம்பைக் கத்தியால் வெட்டிக்கொண்டே தைக்கும் ஓவர்லாக் மெஷினில், டி-ஷர்ட் சைடு அடிப்பதில் மணிக்கு 90 பீஸ் சாதாரணமாக வருகிறது, 100 தொட வேண்டும் என்று உட்கார்ந்தால் மட்டும் 80-க்கு இறங்கிவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பனியன் லைனில் இது பலருக்கும் உள்ளதுதான்.

முதலில் கணக்கு. 90 என்றால் பீஸுக்கு 40 செகண்ட், 100 என்றால் 36. தேடவேண்டியது வெறும் 4 செகண்ட். ஒரு சைடு, சட்டைக்கையோடு சேர்த்து 24 இன்ச் என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்ச்சுக்கு 12 தையல் வீதம் 288 தையல். நிமிடத்துக்கு 4000 தையல் ஓடினால் நாலரை செகண்ட்கூட ஆகாது. இரண்டு சைடும் 9 செகண்டுக்குள் முடிந்துவிடும். மீதி 31 செகண்டும் எடுப்பது, ஜோடி சேர்ப்பது, அக்குள் ஜாயிண்ட் பொருத்துவது, திருப்புவது, தள்ளுவது. பெடலை அழுத்தி 5000-க்கு ஏற்றினாலும் 2 செகண்ட் மிச்சமாகாது. ஆனால் 100 என்று நினைத்ததும் எல்லோரும் பெடலைத்தான் மிதிக்கிறார்கள்.

கூடவே பார்வை கத்தியை விட்டு விரலுக்குப் போய்விடும். துணியை மெஷினின் அடியில் இருக்கும் பல்லே இழுத்துக்கொள்ளும், ஆனாலும் பதற்றத்தில் கை பின்னாலிருந்து இழுக்கும். ஊசி வளைந்து, அடிநூலைக் கோக்கும் லூப்பரில் தட்டும், தையல் விடும். மெல்லிய பனியன் துணியான சிங்கிள் ஜெர்சி என்றால் சைடு அலை அலையாக நிற்கும். கத்தி 2 மி.மீ. கூடுதலாக வெட்டினால் முன், பின், இரண்டு சைடு சேர்த்துச் சுற்றளவில் 8 மி.மீ. போச்சு. செக்கிங்கில் திரும்பி வந்தாலும் வெட்டுப்பட்ட துணியை மீட்க வழியில்லை.

விரலைப் பார்க்காதீர்கள். கத்திக்கு ஓர் இன்ச் முன்னால் வரும் துணி விளிம்பைப் பாருங்கள். கை என்ன செய்கிறது என்று கவனிப்பதைவிட, செய்வதன் விளைவைக் கவனித்தால் வேலை சீராக வரும் என்பது உடல் இயக்கத் திறனை ஆராயும் கேப்ரியேலே வுல்ஃப் செய்த ஆய்வுகளிலும் தெரிந்த விஷயம். பீஸுக்குப் பீஸ் நூலை வெட்டாமல் சங்கிலியாகவே விடுங்கள், உதவிக்கு நிற்கும் கைமடி வெட்டிக்கொள்ளட்டும். பண்டலை உட்காரும்போதே ஒரே முகமாகத் திருப்பி இடக்கை எட்டும் உயரத்தில் வையுங்கள். 4 செகண்ட் பெரும்பாலும் இங்கேயே கிடைத்துவிடும்.

பீஸ் பீஸாக எண்ணவும் வேண்டாம். 20 பீஸ் பண்டல் 100 வேகத்தில் 12 நிமிடம், 90-இல் 13 நிமிடம் 20 செகண்ட். கடிகாரத்தைப் பண்டல் முடிந்தபின் மட்டும் பாருங்கள்.

தையல் விட்டால் உடனே கையைச் சந்தேகப்படாமல் ஊசியை மாற்றிப் பாருங்கள். சிங்கிள் ஜெர்சிக்கு 11-ஆம் நம்பர் பால் பாயிண்ட் (நுனி உருண்ட) ஊசி போதும். பாதி நேரம் கோளாறு அந்த மழுங்கின ஊசிதான்.

90-லேயே நின்றுவிடுவோமோ என்ற கவலையும் வேண்டாம். கிராஸ்மன் என்ற ஆய்வாளர் 1959-இல் வெளியிட்ட ஆய்வில், சுருட்டு மெஷின் ஓட்டிய தொழிலாளர்களின் வேகம் ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடிக்கொண்டே போனது. பிறகு நின்றதும் மெஷினின் வேகத்துக்கு மேல் போக முடியாததால்தான். தைக்கும் ஸ்டைல் (டி-ஷர்ட் மாடல்) மாறும்போது எண்ணிக்கை எல்லோருக்கும் இறங்கும். அந்த நாட்களின் கணக்கைப் பழைய ஸ்டைலோடு சேர்க்காதீர்கள்.