ஒற்றைச் செருப்பும் ஐன்ஸ்டைனும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிணைவுற்ற (entangled) இரு துகள்களில் ஒன்றை அளந்தால், எத்தனை தொலைவில் இருந்தாலும் மற்றதற்கு அக்கணமே தெரிந்துவிடும் என்று படித்தேன். அப்படியென்றால் ஒளியை விஞ்சி எதுவும் போகாது என்ற சார்பியல் என்ன ஆனது? இத்தகைய துகள்களின் சோதனைகளுக்கு 2022இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தபோது 'ஐன்ஸ்டைன் தோற்றார்' என்றுகூட எழுதினார்கள். என் நண்பரோ இதெல்லாம் அத்வைதத்தில் முன்பே இருக்கிறது என்கிறார்.

ஆர்.

அன்புள்ள ஆர்,

ஒரு ஜோடி செருப்பைப் பார்க்காமல் இரண்டு பைகளில் கட்டுகிறோம். ஒன்று உங்களிடம், மற்றது ரயிலேறி டெல்லிக்கு. உங்கள் பையில் இடதுகால் செருப்பு இருந்தால் டெல்லியில் வலதுகால் என்று உடனே தெரியும். எதுவும் பறந்து போகவில்லை. பையைக் கட்டும்போதே அது இடதுதான். துகள்களும் இப்படித்தான் இருக்க வேண்டும், அதைச் சொல்லாத குவாண்டம் கோட்பாடு முழுமையற்றது என்பதே 1935இல் பொடோல்ஸ்கி, ரோசனுடன் ஐன்ஸ்டைன் எழுதிய கட்டுரையின் சாரம். கிழவரின் பிடிவாதம் என்பார்கள். அன்றைய நிலையில் அதைவிட நியாயமான வாதம் இல்லை என்பது என் எண்ணம்.

1964இல் இயற்பியலாளர் ஜான் பெல் அதைச் சோதிக்க வழி கண்டார். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் அவருடைய வேலை துகள் முடுக்கிகளும் துகள் இயற்பியலும். இது சொந்த ஆர்வம். செருப்பிடம் இடதா வலதா என்று மட்டும் கேட்காமல், இரு முனையிலும் இரண்டு கேள்விகளில் ஏதோ ஒன்றைக் கேட்டால்? பதில்கள் முன்பே பையில் இருந்து, இங்கே கேட்பது அங்கே பாதிக்காது என்றால், பதில்களின் பொருத்தத்துக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. பின்னால் கிளாசர் முதலியோர் தந்த வடிவில் அது 2. குவாண்டம் கணக்கோ 2.83 வரை போகும். 1972இல் ஃப்ரீட்மனும் கிளாசரும், 1982இல் பாரிஸுக்கு அருகே ஆஸ்பெவும், 2015இல் 1.3 கிலோமீட்டர் இடைவெளியில் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழுவும் சோதித்தார்கள். வரம்பு உடைந்தது. செருப்புக் கதை செல்லாது.

சார்பியல்? உங்கள் முனையில் பதில்களை எழுதிவைத்த நோட்டை மட்டும் பாருங்கள்: காசு சுண்டியதுபோல ஆம், இல்லை, இல்லை, ஆம். டெல்லியில் என்ன கேட்டாலும் இது மாறாது. இரண்டு நோட்டையும் பக்கத்தில் வைத்தால்தான் பொருத்தம் தெரியும். நோட்டு வருவது ரயிலிலோ போனிலோ. ஆகவே இந்த வழியில் சேதி அனுப்ப முடியாது, மோதலும் இல்லை.

ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்டால் சமாதானம் போய்விடும். இயற்பியலாளர் டேவிட் போம் 1952இல் தந்த விளக்கத்தில் துகளுக்கு எப்போதும் திட்டமான இடம் உண்டு. ஆனால் திரைக்குப் பின்னால் பிரபஞ்சம் முழுமைக்கும் ஒரே 'இப்போது' தேவைப்படுகிறது. சார்பியல் மறுப்பது அதைத்தான். எல்லா விளைவுகளும் வெவ்வேறு உலகங்களில் நடக்கின்றன என்னும் பல்லுலக விளக்கம் தப்பிக்கிறது, 'ஒரே விளைவு' என்பதையே கைவிட்டு. நீல்ஸ் போர் வழிவந்த கோபன்ஹேகன்காரர்கள் கேட்காதே என்பார்கள். மூன்றும் ஆய்வகத்தில் தருவது ஒரே எண். எனக்கு போம் பக்கம் ஒரு சாய்வு உண்டு, பெல்லுக்கும் இருந்தது. அதற்குமேல் சாதிக்க மாட்டேன்.

நண்பருக்கு: குவாண்டம் கோட்பாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷ்ரோடிங்கர் வேதாந்தம் படித்தவர், உண்மை. ஆனால் அளவீட்டுக்குப் பார்ப்பவரின் பிரக்ஞை தேவையில்லை: நள்ளிரவில் யாருமற்ற அறையிலும் உணர்கருவி பதிவு செய்துகொண்டுதான் இருக்கிறது. அத்வைதத்திலிருந்து 2.83ஐ அவர் வருவித்துக் காட்டினால் நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.