ஊருக்குப் போகும் கோடையும் பள்ளி டீமும்: இல்லினாய் பெற்றோருக்குச் சில விளக்கங்கள்

ஆறு வாரம் ஊருக்குப் போக டிக்கெட் போட்ட பிறகுதான் பள்ளிக் கோச்சின் கோடைப் பயிற்சி அட்டவணை வந்து சேரும். "இதை விட்டால் டீமில் எடுக்க மாட்டார்களோ?" என்று சிகாகோ புறநகர்களான நேபர்வில், ஷாம்பர்க் பக்கத்துத் தமிழ்ப் பெற்றோர் தவிப்பது அதைப் பார்த்ததும்தான். கோடையில் வராததைக் காரணம் காட்டி உங்கள் பிள்ளையை ஒதுக்க விதி இடம் தரவில்லை. ஆனால் ட்ரை-அவுட் (டீமுக்கு ஆள் எடுக்கும் தேர்வு) நாளில் நீங்கள் விமானத்தில் இருந்தால் எந்த விதியும் உங்களைக் காப்பாற்றாது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் பாதித் தவறுகள் நடக்கின்றன.

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளி விளையாட்டை அந்தந்த மாநிலச் சங்கம் நடத்துகிறது. பெரும்பாலான விளையாட்டுகளின் ஆட்ட விதிகளை இண்டியானபொலிஸில் உள்ள தேசியக் கூட்டமைப்பு எழுதுகிறது. யார் ஆடலாம், எப்போது பயிற்சி தரலாம் என்பதை மாநிலச் சங்கம் முடிவு செய்கிறது. இல்லினாயில் அது ஐ.எச்.எஸ்.ஏ. (இல்லினாய் உயர்நிலைப் பள்ளிச் சங்கம்). டெக்சாஸில் இருக்கும் மச்சான் சொன்ன விதி இங்கே செல்லாது. கென்டக்கியில் ஜூன் 25 முதல் ஜூலை 9 வரை பள்ளிக் கோச் பயிற்சி தரவே கூடாது, பள்ளியின் மைதானத்தையும் சீருடையையும்கூடப் பயன்படுத்த முடியாது. இல்லினாய் அப்படிக் கதவைச் சாத்தாமல், ஒரு விளையாட்டுக்குக் கோச் பயிற்சி தரும் நாள்களை எண்ணி வரம்பு கட்டுகிறது. நெடுங்காலமாக அந்த எண் 25. ஆண்டுதோறும் பள்ளிகள் வாக்களித்து விதிகளைத் திருத்துவதால், அந்த ஆண்டுக் கைப்புத்தகத்தில் ஒரு தடவை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த வரம்பு கோச்சுக்குத்தான், பிள்ளைக்கு அல்ல. கோடைப் பயிற்சிக்கு வருவது விருப்பம் மட்டுமே. டீமில் சேர அது நேரடியாகவோ மறைமுகமாகவோ நிபந்தனையாக இருக்கக் கூடாது. நடைமுறையில் 25 நாளும் வந்த பிள்ளை ட்ரை-அவுட்டில் நன்றாகத்தான் ஆடும், அதை எந்த விதியாலும் தடுக்க முடியாது. ஆகவே ஊருக்குப் போங்கள், ஆனால் வாரத்தில் நான்கு நாளாவது ஓட்டமும் ஆட்டமும் இருக்கட்டும். புறப்படும் முன் பிள்ளையே கோச்சுக்கு ஒரு மின்னஞ்சல் எழுத வேண்டும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை இருக்க மாட்டேன், அங்கே எங்கே பயிற்சி செய்வேன், எப்போது திரும்புவேன். அதை அப்பா எழுதக் கூடாது. பதினைந்து வயதுப் பிள்ளை தானே எழுதினால் கோச்சுக்கு அது வேறு மாதிரி படும்.

திரும்பும் தேதி முக்கியம். பெண்கள் வாலிபால், கிராஸ் கன்ட்ரி, பெண்கள் டென்னிஸ், ஆண்கள் சாக்கர் எல்லாம் இலையுதிர்காலப் பருவம், பயிற்சி ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் தொடங்கிவிடும். அதற்கு ஐந்து நாள் முன்பாவது வந்து சேருங்கள், ஜெட்லாக்கோடு ட்ரை-அவுட்டில் நிற்க முடியாது. பெண்கள் பேட்மின்டனும் ஆண்கள் டென்னிஸும் வசந்தகாலத்தில் என்பதால் அவர்களுக்கு இந்த அவசரம் இல்லை.

அடுத்தது காகிதம். மருத்துவப் பரிசோதனைப் படிவம் இல்லினாயில் 395 நாள் செல்லும். கேட்க தாராளமாகத் தெரியும், கணக்குப் போட்டால் உதைக்கும். 2024 ஜூலை 10-இல் எடுத்த படிவம் 2025 ஆகஸ்ட் 9-ஆம் தேதியோடு முடிந்தது, பயிற்சியோ ஆகஸ்ட் 11-இல். ஊரில் குடும்ப டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வரலாம் என்ற யோசனை வேண்டாம். மாநிலச் சட்டம் ஏற்கும் மருத்துவரோ, மருத்துவர் உதவியாளரோ, உயர்நிலைச் செவிலியரோதான் கையெழுத்திட வேண்டும். ஆகஸ்டில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு, மே மாதமே முடித்துவிடுங்கள்.

மதிப்பெண்ணிலும் ஒரு கணக்கு உண்டு: வாரத்துக்கு 25 கிரெடிட் மணிக்கான பாடங்களில், அதாவது ஏறக்குறைய ஐந்து வகுப்புகளில், தேர்ச்சி இருக்க வேண்டும். முந்தைய செமஸ்டரில் இது குறைந்திருந்தால், கோடைக்காலப் பள்ளியில் ஈடுகட்ட முடியுமா என்று பள்ளிக் கவுன்சிலரிடம் ஜூனிலேயே கேளுங்கள். ஒன்பதாம் வகுப்பில் நுழைந்ததிலிருந்து எட்டு செமஸ்டர்தான் ஆட முடியும். ஊரில் ஒன்பதாவது படித்துவிட்டு வந்த பிள்ளையை இங்கே மறுபடியும் ஒன்பதாவதில் சேர்க்க நினைப்பவர்கள், சேர்க்கும் முன் இந்தக் கணக்கு எப்படி வரும் என்று பள்ளியின் அத்லெட்டிக் டைரக்டரிடம் (விளையாட்டுப் பொறுப்பாளர்) எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தகுதியில்லாத ஒரு பிள்ளை களமிறங்கியது பிறகு தெரிந்தால், ஜெயித்த ஆட்டத்தையே மொத்த டீமும் இழக்க நேரிடும்.

இன்னொன்று, இதைப் பலர் யோசிப்பதில்லை: எச்-4 விசாவில் (எச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசா) இருக்கும் பிள்ளை கோடை முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குச் சம்பளத்துக்குக் கோச்சிங் தரவோ, ரெஃப்ரியாகப் பணம் வாங்கவோ கூடாது. விளையாட்டுச் சங்கத்துக்கு அதில் ஆட்சேபம் இல்லாமல் போகலாம், குடியேற்றச் சட்டத்துக்கு உண்டு.

இனி ஆட்சேபம். "ரெஃப்ரி தப்பாகச் சொன்னார், வீடியோ இருக்கிறது, யாரிடம் புகார் செய்வது?" இல்லினாயில் ஆட்ட நடுவரின் முடிவே இறுதி, அதை எதிர்த்து வரும் முறையீட்டைச் சங்கத்தின் வாரியம் ஆராயாது. 2016 நவம்பரில் ஃபென்விக் பள்ளிக்கும் பிளெய்ன்ஃபீல்ட் நார்த் பள்ளிக்கும் நடந்த அமெரிக்கன் ஃபுட்பால் அரையிறுதியில், நேரம் முடிந்த பிறகு நடுவர்கள் விதியைத் தவறாகப் புரிந்து ஒரே ஒரு முயற்சி (ப்ளே) கூடுதலாகக் கொடுத்தார்கள். அதில் ஸ்கோர் சமமாகி, கூடுதல் நேரத்தில் ஃபென்விக் 18-17 என்று தோற்றது. தவறு நடந்ததைச் சங்கமே ஒப்புக்கொண்டது. ஃபென்விக் நீதிமன்றம் போயும் முடிவு மாறவில்லை. நியூ ஜெர்சியில் 2024 மார்ச்சில் கூடைப்பந்து ஆட்டத்தில் மனாஸ்குவான் பள்ளியின் கடைசி நொடிக் கூடை முதலில் எண்ணப்பட்டு, பிறகு மறுக்கப்பட்டு, கேம்டன் 46-45 என்று வென்றது. பந்து நேரத்துக்குள் கையை விட்டுப் போனது வீடியோவில் தெரிந்தும், நடுவர்கள் களத்தை விட்டு வெளியேறிவிட்டால் முடிவு நிலைக்கும் என்பதால் எதுவும் ஆகவில்லை.

கொடுமையாகத் தெரியலாம். ஆனால் மறுநாள் வீடியோ பார்த்து ஸ்கோரைத் திருத்தத் தொடங்கினால் எந்த ஆட்டத்துக்கும் முடிவு இராது.

எல்லா விளையாட்டும் இப்படி அல்ல. தடகளத்தில் முடிவு அறிவித்த 30 நிமிடத்துக்குள் கோச் எழுத்தில் முறையீடு தரலாம். பேஸ்பாலில் முறையீட்டை அனுமதிப்பதா என்பதை மாநிலமே தீர்மானிக்கும், அனுமதித்தாலும் விதியைத் தவறாகப் பயன்படுத்தியதற்குத்தான், பந்து ஸ்ட்ரைக்கா இல்லையா என்ற மதிப்பீட்டுக்கு அல்ல. டென்னிஸில் கோட்டுக்கு உள்ளா வெளியா என்று பிள்ளைகளே சொல்லிக்கொள்வார்கள். எதிராளி ஏமாற்றுவதாகத் தோன்றினால் அடுத்த சர்வ் போடும் முன் நடுவரைக் கூப்பிட வேண்டும். ஆட்டம் முடிந்து காரில் ஏறியபின் சொல்வதால் பயனில்லை.

எதுவானாலும் பெற்றோர் நேராகச் சங்கத்துக்குப் போன் போடக் கூடாது. அவர்கள் உங்களைப் பள்ளிக்கே திருப்பி அனுப்புவார்கள். முதலில் கோச், பிறகு அத்லெட்டிக் டைரக்டர், பிறகு ப்ரின்சிபால், அவர் வழியாகத்தான் சங்கம். கோபம் ஆறட்டும், 24 மணி நேரம் கழித்து எழுதுங்கள். ஆட்டத்தின் தேதி, என்ன நடந்தது, எந்த விதி என்று நினைக்கிறீர்கள், என்ன கேட்கிறீர்கள் என நான்கு வரி போதும். பிள்ளை ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டிருந்தால் அடுத்த ஆட்டமும் கிடையாது, அதற்காக முறையிடுவதைவிட, கோச்சிடம் பிள்ளையே போய்ப் பேசுவது நல்லது. பார்வையாளர் வரிசையிலிருந்து நடுவரைத் திட்டும் அப்பாவையும் அரங்கத்தை விட்டு அனுப்ப வழி உண்டு.