மறதி நோய் உள்ள என் அம்மா சாப்பிடாமல், பேசாமல் சுருண்டு கிடக்கிறார். நோய் முற்றிவிட்டதா?

நீங்களே அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். நான் கட்டினேன், நான்கு மாதங்கள் வீணாகின. "அறளை பெயர்ந்துவிட்டது, வயதாகிப் புத்தி தடுமாறிவிட்டது, இனி இப்படித்தான்" என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

எங்கள் வீடு முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில். அம்மா இரண்டு முறை அடுப்பை அணைக்காமல் விட்டதும், குசினிப் பக்கமே வர வேண்டாம் என்றேன். கூரை ஓலை, என்னைக் குறை சொல்பவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். அதன் பிறகுதான் சோற்றை ஒதுக்கினார். விடியப்புறம் மூன்று மணிக்கே எழுந்து அழுவார். காலையில் மோசம், மாலையில் சற்றுப் பரவாயில்லை. "2009க்குப் பிறகு இங்கே யார்தான் அழவில்லை?" என்றார்கள். உண்மைதான், முள்ளிவாய்க்காலில் அண்ணாவைப் பறிகொடுத்த வீடு இது. வன்னியில் எல்லோருக்கும் துக்கம் இருக்கிறது என்பதற்காக அம்மாவுக்கு வந்த நோயை நோய் என்று சொல்லக் கூடாதா?

கிளினிக்குக்குப் போவதே பெரும்பாடு. பரந்தன் முல்லைத்தீவு வீதியில் வயதானவர் கை காட்டினால் பஸ் வேகத்தைக் கூட்டுகிறது. ஏறி இறங்க நேரமாகுமாம். அவர்களுக்கெல்லாம் தாய் இல்லையா?

வைத்தியர் அம்மாவைவிட என்னிடம்தான் அதிகம் கேட்டார்: தூக்கம், பசி, எரிச்சல், எந்த நேரத்தில் அழுகிறார் என்று. மறதியோடு மனச்சோர்வும் சேர்ந்து வரும், அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும் என்றார். தூக்கத்துக்கென்று முன்பு எழுதிக் கொடுத்திருந்த அமிட்ரிப்டிலின் குழப்பத்தைக் கூட்டும் என்று அதைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார். மனச்சோர்வு, மாத்திரையால் மட்டும் தீரும் என்று நம்பியிருக்க வேண்டாம். செர்ட்ராலின், மிர்டாசபின் என்ற மனச்சோர்வு மருந்துகள் இரண்டும் டிமென்ஷியா எனும் மறதி நோய் உள்ளவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட அதிகம் உதவவில்லை என்று 2011இல் வெளியான இங்கிலாந்து ஆய்வு சொல்கிறது. நான் வைத்தியர் இல்லை. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

"வீட்டில் அவருக்கு என்ன வேலை கொடுக்கிறீர்கள்?" என்றும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

தை மாதம் பனங்கிழங்கை அவித்துக் கடகத்தோடு அம்மாவின் முன்னால் வைத்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை தானாகப் போனது. தோலை உரித்தார், இரண்டாகப் பிளந்தார். நான் பிளந்து வைத்ததை எடுத்துத் திருப்பிப் பார்த்து, "தும்பு இழுக்கவில்லையே, பிள்ளை" என்றார்.

என் பெயர் இன்றும் அவருக்கு நினைவில் இல்லை. காலைக் கஞ்சியைக் குடித்து முடிக்கிறார்.